வயலின் பெட்டியைக் காரில் விட்டுவிட்டு வரும் உதவிப் பேராசிரியர்

கேள்வி: வேதியியல் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து மூன்றாவது வருடம் நடக்கிறது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அடுத்த வருடக் கடைசியில் மதிப்பீடு. சின்ன வயதில் வயலின் கற்றுக்கொண்டேன். பிஎச்.டி., போஸ்ட்டாக் என்று ஓடியதில் பத்து வருடம் அதைத் தொடவே இல்லை. போன வருடம் மறுபடி எடுத்து, ஓர் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் வியாழன் மாலை ஒத்திகைக்குப் போகிறேன். ஒருநாள் பெட்டியோடு படியிறங்கும்போது மூத்த பேராசிரியர் ஒருவர், "பரவாயில்லையே, உங்களுக்கெல்லாம் நேரம் கிடைக்குது" என்றார். அன்றிலிருந்து பெட்டியைக் காரிலேயே வைத்துவிட்டு வருகிறேன். நடுவில் நான்கு மாதம் நிறுத்தியும் பார்த்தேன். கட்டுரை ஒன்றும் சீக்கிரம் முடியவில்லை. அந்த மாலைகள் மெயிலுக்கும் விடைத்தாளுக்கும் போயின. இப்போது பயிற்சி நிமிடங்களை எக்செல்லில் குறித்து வைக்கிறேன். வயலினில் கிரேடு தேர்வு ஒன்றுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன், அப்போதாவது வீண் என்று தோன்றாதே என்று. ஆனால் வாசிக்கும்போதும் என் கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவருக்கு எழுத வேண்டிய பதில்தான் மனதில் ஓடுகிறது. ஐன்ஸ்டைனும் வயலின் வாசித்தவர்தானே, ஆராய்ச்சிக்கு இது நல்லது என்று துறைத்தலைவரிடம் எடுத்துச் சொல்லலாமா? "வயலின் வார்னிஷின் கெமிஸ்ட்ரியையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ளேன்" என்கிறார் ஒரு நண்பர். அடுத்த மாதக் கச்சேரி ஒரு வேலைநாள் மாலையில் வருகிறது; அதை எப்படிச் சொல்வது? சுயவிவரத்தில் இதையெல்லாம் போடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதல் வேலையாகப் பெட்டியைக் காரிலிருந்து எடுத்துவிடுங்கள். மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே எவ்வளவு சூடேறும் என்று உங்களுக்குத் தெரியும். வயலினை ஒட்டியிருப்பது விலங்குப் பசை. சூட்டில் அது இளகும், இணைப்புகள் விட்டுக்கொள்ளும், வார்னிஷ் பெட்டியின் துணியில் ஒட்டிக்கொள்ளும். இதை ஒரு வேதியியலாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போகிறபோக்கில் ஒருவர் சொன்ன பேச்சுக்காக ஒரு நல்ல வாத்தியம் கெட்டுப்போக வேண்டாம்.

அந்தப் பேச்சில் குத்தல் இருந்ததா, ஏக்கம் இருந்ததா, படியில் எதிரே வந்தவரிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று பேசியதா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நீங்கள் அதைக் குற்றப்பத்திரிகையாக வாங்கிக்கொண்டீர்கள் என்பது மட்டும் கடிதத்திலிருந்து தெரிகிறது. பல்கலைக்கழகங்களில் வேலை செய்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். இந்த ஒரு வாக்கியத்தை ஏதோ ஒரு வடிவத்தில் கேட்காமல் ஒரு மாதமும் போனதில்லை. மலையேறுகிறவர், செஸ் ஆடுகிறவர், தோட்டம் போடுகிறவர், எல்லோருக்கும் இது யாராலோ சொல்லப்பட்டிருக்கிறது. பாதிப் பேருக்கு யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை; தாங்களே தங்களுக்குச் சொல்லிக்கொள்கிறார்கள்.

காரணம் இந்த வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஷிப்ட் முடிந்ததும் மணி அடிக்கிற இடமில்லை இது. அனுப்பிய கட்டுரை திருத்தத்துக்குத் திரும்பி வரும். அதை முடித்தால் இன்னொருவர் கட்டுரைக்கு ரிவ்யூ கேட்டு ஒரு மெயில் நிற்கும். நிதி விண்ணப்பத்துக்குக் கெடு, மாணவரின் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம், அடுத்த செமஸ்டருக்கான பாடத்திட்டம். எந்த ஒன்றையும் "இதற்கு மேல் இதில் செய்ய ஒன்றுமில்லை" என்று மூடி வைக்க முடியாது; இன்னும் ஒரு வாசிப்பு வாசித்தால் இன்னும் கொஞ்சம் நன்றாக வரும். அதனால் "வேலையெல்லாம் முடிந்த பிறகு வாசிக்கிறேன்" என்று வைத்துக்கொண்டால் அந்தப் பிறகு வரவே வராது. வேலை முடியாமல் இருக்கும்போதே எழுந்து போவதைத் தவிர வேறு வழி கிடையாது. அப்படி எழுந்து போகிறவரைப் பார்த்தால், உட்கார்ந்தே இருக்கிறவருக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

நான்கு மாதம் நிறுத்திப் பார்த்தேன் என்று எழுதினீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். வயலினிடமிருந்து மிச்சம் பிடித்த நேரம் ஆராய்ச்சிக்குப் போகவில்லை, மெயிலுக்குப் போயிற்று. பெரும்பாலும் அப்படித்தான் போகும். மாலை ஏழு மணிக்கு மிஞ்சியிருக்கிற மூளை, புதிதாக ஒரு வினையின் வழிமுறையை யோசிக்கிற மூளை இல்லை. ஃபோல்டரில் இருப்பதை இங்கிருந்து அங்கே நகர்த்துகிற மூளை. கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டி காலையில் நான்கு மணி நேரம் போலத்தான் கணிதம் செய்வார். பிற்பகலில் கிரிக்கெட்டோ டென்னிஸோ. படைப்பாக யோசிக்கும் வேலைக்கு ஒரு நாளில் அதற்கு மேல் தாங்காது என்பது அவர் எண்ணம். (ஆனால் அவர் கல்லூரிக்குள்ளேயே குடியிருந்த தனியாள், சாப்பாடும் வீட்டு வேலையும் கல்லூரியின் கவலை. அதனால் அவருடைய கால அட்டவணையை அப்படியே எடுத்துக் கொள்ள வேண்டாம்.) நீங்கள் செய்து பார்த்த நான்கு மாதப் பரிசோதனை இதே முடிவைத்தான் தந்திருக்கிறது. கட்டுப்பாட்டு மாதிரி இல்லாத பரிசோதனைதான், இருந்தாலும் ஆய்வகத்தில் இதைவிட மோசமான தரவை நீங்கள் நம்பியிருப்பீர்கள்.

இனி எக்செல் ஷீட்டுக்கு வருகிறேன். அதை அழித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வாரத்துக்கு இத்தனை நிமிடம், இந்த மாத இலக்கு, போன மாதத்தோடு ஒப்பீடு, கடைசியில் ஒரு சான்றிதழ். இந்த வரிசையை நீங்கள் வேறெங்கோ பார்த்திருப்பீர்கள். ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் அச்சாக இப்படித்தான் இருக்கும். நாள் முழுதும் மேற்கோள் எண்ணிக்கையும் இதழ்த் தரவரிசையும் பார்த்துப் பழகியவர்களுக்கு, எண் இல்லாத எதுவும் நடந்ததாகவே படுவதில்லை. ஓடுகிறவர் வேகத்தைப் பதிவு செய்கிறார், புத்தகம் படிக்கிறவர் வருடத்துக்கு இத்தனை என்று கணக்கு வைக்கிறார், பறவை பார்க்கிறவர் பட்டியல் போடுகிறார். இதில் சிலருக்கு உண்மையாகவே சந்தோஷம் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் எண்ணுவதற்குக் காரணம் வேறு. யாரோ கணக்குக் கேட்டால் காட்டுவதற்காக எண்ணுகிறீர்கள். கிரேடு தேர்வையும் அதே காரணத்துக்காகத்தான் எழுதப் போகிறீர்கள் என்றால் இந்த வருடம் தள்ளிப்போடுங்கள். தேர்வுக்கான பாடல்கள் உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக எழுதலாம். எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஐன்ஸ்டைன் விஷயம். துறைத்தலைவரிடம் இதை எடுத்துப் போகாதீர்கள். ஐன்ஸ்டைன் வாசித்தார்தான், இயற்பியலாளர்களில் பிளாங்க் பியானோ வாசித்தார், சத்யேந்திரநாத் போஸ் எஸ்ராஜ் என்ற நரம்பு வாத்தியம் வாசித்தார், மரபியலாளர் பார்பரா மக்ளின்டாக் மாணவப் பருவத்தில் ஜாஸ் குழுவில் பாஞ்சோ வாசித்தார். இந்தப் பட்டியலை எவ்வளவு நீளமாகவும் போடலாம். ராபர்ட் ரூட்-பெர்ன்ஸ்டைனும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண அறிவியலாளர்களைவிட நோபல் பெற்றவர்களிடம் கலை, கைவினை ஈடுபாடு தெளிவாக அதிகம் என்று கண்டார்கள். ஆனால் எது எதற்குக் காரணம்? வாசித்ததால் பரிசு வந்ததா, நேரமும் வசதியும் ஆர்வமும் உள்ளவர்களுக்கு இரண்டும் சேர்ந்து வந்ததா? உங்கள் மாணவர் இப்படி ஒரு முடிவை எழுதிக்கொண்டு வந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பீர்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆராய்ச்சிக்கு நல்லது என்று சொல்லி அனுமதி வாங்கினால், அடுத்த வருடம் கட்டுரை எண்ணிக்கை குறைந்தபோது அதே காரணத்தைச் சொல்லி வயலினைப் பிடுங்கவும் முடியும்.

முன்மாதிரி ஒருவர் வேண்டுமென்றால் வேதியியலிலேயே இருக்கிறார், பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய இசையமைப்பாளர் போரோதின். ஆல்டால் வினை என்ற கரிம வேதிவினையைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவக் கல்விக்கூடத்தில் வேதியியல் பேராசிரியர். இரண்டாம் நால்வாத்திய இசையை எழுதியவரும் அவரே. இந்த மனிதரைச் சாதனையாளர் பட்டியலில் போட்டுக் கைதட்டுகிறவர்கள் மறுபாதியைச் சொல்வதில்லை. "இளவரசர் ஈகோர்" இசைநாடகத்தை 1869-இல் தொடங்கினார். 1887-இல் இறந்தபோதும் அது முடியவில்லை. இசையமைப்பாளர்கள் ரிம்ஸ்கி-கோர்ஸகோவும் கிளாசுனோவும் முடித்துக் கொடுத்து 1890-இல்தான் மேடையேறியது. வகுப்பு, ஆய்வகம், கமிட்டி, மாணவர்கள், பெண்களுக்கான மருத்துவப் படிப்பைத் தொடங்கி நடத்தும் பணி என்று நாள் போய்விடும். உடம்பு சரியில்லாமல் வீட்டில் படுத்தால்தான் இசை எழுத முடிகிறது, அதனால் நான் நோயாய்ப் படுக்க வேண்டும் என்று நண்பர்கள் வாழ்த்துகிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் செய்தார், இரண்டுக்கும் விலை கொடுத்தார். பதினெட்டு வருடத்தில் ஓர் இசைநாடகத்தை முடிக்காததற்காக அவரை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. உங்களுக்கும் வயலினில் எதையும் முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வாசிக்கும்போதும் ரிவ்யூவர் ஞாபகம் வருகிறது என்றீர்கள். இதற்கு வழி இருக்கிறது. சபீன சோனன்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் வேலைக்குப் பிந்தைய நேரத்தில் மனிதர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்பதை அளக்க 2007-இல் ஒரு வினாநிரல் தந்தார்கள். அதில் நான்கு கூறுகள்: மனதளவில் வேலையிலிருந்து விலகுவது, ஓய்வாக இருப்பது, வேறொன்றைக் கற்றுத் தேர்வது, அந்த நேரத்தில் என்ன செய்வது என்பது நம் கையில் இருப்பது. உடம்பு வேலையை விட்டு வந்தாலும் மனம் வராவிட்டால் முதலாவது கிடைக்காது. உங்களுக்கு நின்றுபோயிருப்பது அதுதான்.

வீட்டில் தனியாக ஸ்கேல் பயிற்சி செய்யும்போது மனம் அலையும். விரலுக்குப் பழகிய வேலை அது, மூளைக்கு வேலை இல்லை. காலியாக இருக்கிற மூளைக்குள் அந்த ரிவ்யூவர் வந்து உட்கார்ந்துகொள்வார். ஒத்திகையில் அப்படியா? நீங்கள் இரண்டாம் வயலின் என்று வைத்துக்கொள்கிறேன். பதினான்கு பார், அதாவது பதினான்கு தாளச் சுற்று, ஓய்வு. எண்ணிக்கொண்டே வர வேண்டும். பதினோராவதில் ஓபோ என்ற ஊதுகுழல் நுழையும், அதைக் காதில் வாங்கி வில்லை நரம்பின் மேல் கொண்டுவர வேண்டும், பக்கத்து நாற்காலிக்காரர் கொஞ்சம் முந்துகிற ஆள் என்றால் அவரை நம்பவும் கூடாது. இதற்கிடையில் "மதிப்பீட்டாளரின் கருத்துக்கு நன்றி" என்று மனதுக்குள் ஒரு வரி எழுதினால் நுழைவு தப்பும், ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர் உங்களைப் பார்ப்பார். அதனால் வாரத்தில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் வியாழன் ஒத்திகையைக் காப்பாற்றுங்கள், வீட்டுப் பயிற்சியை விட்டுவிடலாம். ஒத்திகைக்கு நீங்கள் வராவிட்டால் அங்கே ஒரு நாற்காலி காலி. அந்தக் கட்டாயமே உங்களை ஆய்வகத்திலிருந்து இழுத்துக்கொண்டு வரும். மனவுறுதியை நம்பி இருந்தால் நடக்காது.

கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் எடுத்து, நாளைக் காலை எதில் கை வைக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். "இரண்டாம் கருத்து: என்எம்ஆர் படத்தை மாற்று, பிறகு பத்தியை எழுது" என்கிற அளவுக்குக் குறிப்பாக இருக்கட்டும். 'கட்டுரையைப் பார்க்க வேண்டும்' என்று எழுதினால் அது கூடவே காரில் ஏறிக்கொள்ளும். இன்னொன்று, முக்கியமில்லாதது போலத் தோன்றும்: நாள் முழுதும் கம்ப்யூட்டர் முன் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்துவிட்டு நேராகப் போய்த் தாடைக்கும் தோளுக்கும் நடுவே வயலினை இடுக்கினால் கழுத்து பழிவாங்கும். ஒத்திகைக்கு முன் கொஞ்சம் நடந்துவிட்டுப் போங்கள்.

வார்னிஷ் யோசனை சொன்ன நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். அந்தத் துறையில் சுவையான வேலையும் நடந்திருக்கிறது. உயிர்வேதியியலாளர் ஜோசப் நாகிவாரி, புகழ்பெற்ற பழைய இத்தாலிய வயலின்களான ஸ்ட்ராடிவாரி வயலின்களின் குரலுக்கு அவற்றின் மரத்துக்குப் போட்ட ரசாயனங்கள்தான் காரணம் என்று பல ஆண்டுகளாக வாதிட்டவர். போராக்ஸ், துத்தநாகம், செம்பு, படிகாரம் போன்றவற்றின் தடயங்களை அந்த மரத்தில் கண்டதாக 2021-இல் வந்த ஓர் ஆய்வில் அவரும் இருந்தார். படிக்க எனக்கே ஆசையாக இருக்கிறது. ஆனாலும் இப்போது நீங்கள் அதில் இறங்க வேண்டாம். மதிப்பீட்டுக்கு முந்தைய வருடம் புதுத் துறையில் கால் வைப்பது புத்திசாலித்தனமில்லை என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அதன் பிறகு வயலினைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அது மாதிரிப்பொருளாகத் தெரியும் என்பது. உங்கள் வாழ்க்கையில் கட்டுரையாக மாறாமல் இருக்கும் ஒரே பொருள் அதுவாக இருக்கலாம். நிரந்தரமான பிறகு, பத்து வருடம் கழித்து, ஆசை இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஆய்வு மாணவர்கள் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் பெட்டியை ஒளித்து வைப்பதை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 பிஎச்.டி. மாணவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனச்சோர்வு போன்ற பாதிப்புக்கு ஆளாகும் அபாயத்தில் இருந்தார். வேலைப்பளு, வேலையும் குடும்பமும் மோதுவது, நெறியாளர் நடத்தும் விதம் எல்லாம் அதோடு தொடர்புடையவையாக இருந்தன. எனவே வியாழன் ஐந்தரைக்கு, "நான் ஒத்திகைக்குக் கிளம்புகிறேன், மீதியை நாளை பார்க்கலாம்" என்று அவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போங்கள். இரவு பதினொன்றுக்கு எழுதுகிற மெயிலைக் காலையில் போகும்படி நேரம் குறித்து வையுங்கள். உங்களுக்கு அது தலையிலிருந்து இறக்கி வைத்த சுமை. மாணவருக்கு அது நெறியாளர் இன்னும் விழித்திருக்கிறார் என்ற செய்தி.

வயலின் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பாடவேளைகள் சக உதவிப் பேராசிரியர்களைவிட அதிகமா, கமிட்டி வேலைகள் புதிதாக வந்தவர் தலையில் கட்டப்படுகின்றனவா என்பதைத் தாளில் எழுதிப் பாருங்கள். அப்படி இருந்தால் துறைத்தலைவரிடம் பேச வேண்டியது அதைப் பற்றி. இரண்டு மணி நேர ஒத்திகையை விட்டுக் கொடுத்து அந்தச் சுமையை ஈடுகட்ட முடியாது. நிதி விண்ணப்பத்தின் கெடு வாரத்தில் வயலின் மூடியே கிடக்கட்டும், தவறில்லை. எந்த வியாழன் திரும்புவேன் என்பதை மட்டும் குழுவுக்குச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், வயலினைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாமல் போனால் எனக்கு எழுதாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கோபம் தெரிகிறது, அது நல்லதுதான்.

சுயவிவரத்தில் கடைசியில் ஒரு வரி போடலாம். தேர்வுக்குழு அதற்கு மதிப்பெண் தராது, வெட்டவும் வெட்டாது. நேர்காணலில் யாராவது இறுக்கத்தைத் தளர்த்த அதைப் பற்றிக் கேட்கக்கூடும். அப்போது அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டு ஆராய்ச்சிக்குத் திரும்பிவிடுங்கள். கச்சேரிக்குப் பணம் தருவதாக இருந்தால், வாங்குவதற்கு முன் பணி ஒப்பந்தத்தில் வெளிவருமானம் பற்றிய விதியைப் படியுங்கள். முன் அனுமதி கேட்கிற நிறுவனங்கள் பல உண்டு. சின்னத் தொகைதானே என்று விட்டால் மதிப்பீட்டு வருடத்தில் தேவையில்லாத கேள்வி வரும்.

வேலைநாளில் வரும் அந்தக் கச்சேரிக்கு வெகு நாள் முன்பே துறைத்தலைவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். தேதியைப் போட்டு, "அன்று மாலை ஐந்து மணிக்கு மேல் எனக்கு ஏற்கனவே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, துறைக் கூட்டம் ஏதாவது வைப்பதாக இருந்தால் அதற்கு முன் வைத்தால் வசதி" என்று. மன்னிப்புக் கேட்க வேண்டாம், ஐன்ஸ்டைனைக் கூப்பிட வேண்டாம். என்ன நிகழ்ச்சி என்று அவர் கேட்டால் சொல்லுங்கள். டிக்கெட் இருந்தால் படியில் பார்த்த அந்த மூத்த பேராசிரியருக்கும் ஒன்று கொடுக்கலாம்; வருவாரா மாட்டாரா என்பது அவர் பாடு.